வெஸ்ட் ஈலிங் வழியாக ரோமாபுரி

பெர்னடெற் லிஸ்பன் நகரத்தில் இருந்த ஐந்தாவது நாள், வெஸ்ட் ஈலிங்கில் விடாமல் மழை பெய்தது.

குருமூர்த்தியின் பலசரக்குக் கடைக்குப் பின்னால் இருந்த சாமான் அறையில், அரிசி மூட்டைகளுக்கு நடுவே, ஓர் எண்ணெய்ப் பெட்டியின் மேல் உட்கார்ந்து அவள் கொப்பியில் எழுதிக்கொண்டிருந்தாள். 'இன்றும் வெயில் கண்ணைக் கூசுகிறது' என்று எழுதி முடித்தபோது, கூரையிலிருந்து ஒரு துளி நேரே 'வெயில்' என்ற சொல்லின் மேல் விழுந்து பரவியது.

குருமூர்த்தியின் மகள் கோதை, தோழியின் தோளுக்கு மேலால் எட்டிப் பார்த்தாள்.

"கண்ணைக் கூசுது எண்டு நேற்றைய பக்கத்திலயும் எழுதியிருக்கிறாய்."

"அங்க ஒவ்வொரு நாளும் வெயில்தானேடி."

"அப்ப உன்ர முகம் ஏன் அவிச்ச உருளைக்கிழங்கு மாதிரிக் கிடக்கு? மூண்டு கிழமை வெயிலுக்க திரிஞ்ச பிள்ளை இந்த நிறத்தோட வீட்டை போனா, அம்மா கேக்க மாட்டாவோ?"

பெர்னடெற்றிடம் பதில் இல்லாத கேள்விகள் ஏற்கெனவே நிறைய இருந்தபடியால், இதையும் அவற்றோடு சேர்த்து வைத்தாள்.

விசயம் இதுதான். அவள் கட்டடக்கலை படிக்கும் முதலாம் ஆண்டு மாணவி. அவளுடைய கல்லூரி, மாணவர்களைப் போர்த்துக்கல், ஸ்பெயின், இத்தாலி என்று மூன்று கிழமைப் படிப்புச் சுற்றுலாவுக்கு அழைத்துப் போவதாக இருந்தது. அதே லண்டனின் மறு கோடியில், மனோர் பார்க்கில் இருந்த அவளுடைய அம்மா இம்மாகுலேற், மகளை ஒரு பஸ் தரிப்புக்கு அப்பால் தனியே விட்டவள் இல்லை. ஆனால் பயண நிரலில் பாத்திமா என்றும் ரோம் என்றும் இரண்டு பெயர்கள் இருந்தன. மாதா காட்சி கொடுத்த ஊரையும் பாப்பரசர் இருக்கிற ஊரையும் பார்த்து வருகிற படிப்புக்கு எந்தத் தாய் மறுப்புச் சொல்வாள்?

மறுப்புச் சொல்லவில்லை. நிபந்தனை சொன்னாள். ரொறன்ரோவில் ஒரு மாப்பிள்ளை இரண்டு வருடமாகக் காத்திருந்தார். அவருடைய படம் சமையலறைக் குளிர்ப்பெட்டியின் கதவில் ஒட்டப்பட்டு, பால் எடுக்கப் போகும்போதெல்லாம் பெர்னடெற்றைப் பார்த்துச் சிரித்தது.

"நல்லபடியாப் போய் நல்லபடியா வந்தியெண்டால், மிச்சப் படிப்பை ஷெபீல்டில போய்ப் படி. நான் குறுக்க நிக்க மாட்டன்," என்றாள் இம்மாகுலேற். "விசாவிலயோ வேற எதிலயோ ஒரு தடங்கல் வந்தா, அது மாதா காட்டுற வழி. ரொறன்ரோவுக்கு விசா வரும்."

தடங்கல் வந்தது. பெர்னடெற் தன் அகதிப் பயணப் புத்தகத்தைத் தூக்கிக்கொண்டு மூன்று தூதரகங்களுக்கும் அலைந்தாள். இரண்டில் முத்திரை குத்தினார்கள். மூன்றாவதில் புத்தகத்தை வாங்கி மேசை லாச்சிக்குள் வைத்துவிட்டு, ஆறு கிழமை கழித்து வரச் சொன்னார்கள். பயணத்துக்கு இருந்தது ஆறு நாள். விரிவுரையாளர் நல்ல மனிதர். போக முடியாவிட்டால் நூலகத்தில் இருந்து அறிக்கை எழுதித் தரலாம் என்று சொல்லிவிட்டார். அம்மாவுக்கு நூலக அறிக்கை கொடுக்க முடியாது.

அவள் சொல்லாமல் விட்டாள். ஒரு நாள் தள்ளிப் போட்டாள், இன்னொரு நாள் தள்ளிப் போட்டாள், பிறகு பார்த்தால் விக்டோரியா கோச் நிலையத்தில் குடும்பத்தோடு நிற்கிறாள். வழியனுப்ப வந்தவர்கள் கையைக் காட்டிக்கொண்டு நின்றதால் கோச்சில் ஏற வேண்டியதாயிற்று. ஏறியதால் ஹீத்ரோ வரை போக வேண்டியதாயிற்று. அங்கே கூடப் படிக்கும் இருபத்திரண்டு பேரையும் தானே விமானத்துக்கு வழியனுப்பி வைத்துவிட்டு, பஸ் பிடித்து, பள்ளிக்கூடத் தோழி கோதையின் வீட்டில் வந்து இறங்கினாள். வழியனுப்பப்பட்டவளே மற்றவர்களை வழியனுப்பி வைத்த கதை லண்டனில் அதற்கு முன் நடந்திருக்காது.

விக்டோரியாவுக்கு வந்தவர்களில் பிலோமினம்மாவும் இருந்தார். அவரைப் பற்றிச் சொல்லியாக வேண்டும். மனோர் பார்க் கத்தோலிக்கத் தமிழருக்கு அவர்தான் செபமாலைக் குழுத் தலைவி. யார் பூசைக்குப் பிந்தி வந்தது, யார் தவக்காலத்தில் இறைச்சி வாங்கியது எல்லாம் அவருக்குத் தெரியும். தமிழ்க் கடைகளில் கொடுக்கும் நாட்காட்டியில் லட்சுமி படம் இருந்தால், எந்த வீடு என்று பார்க்காமல் கத்தரிக்கோலை வாங்கி, லட்சுமியை வெட்டி எடுத்துவிட்டுத் திகதியை மட்டும் சுவரில் விட்டுப் போவார். அந்த வருடம் அவருக்கு வலது முழங்கால் பிடித்துக்கொண்டது. ஊன்றுகோலோடு கோச்சின் ஜன்னல் வரை நொண்டி வந்து, மாதா வடிவத்தில் நீலக் கிரீட மூடி போட்ட பிளாஸ்ரிக் போத்தல் ஒன்றைப் பெர்னடெற்றின் கையில் திணித்தார்.

"பாத்திமாத் தண்ணி. நிறையப் பிடிக்க வேணும், பிள்ளை. சிந்தாமல் கொண்டு வா. நான் இதைத்தான் நம்பியிருக்கிறன்."

அந்தப் போத்தல் இப்போது சாமான் அறையில், பருப்பு டின்னுக்குப் பக்கத்தில் நின்று பெர்னடெற்றைப் பார்த்துக்கொண்டிருந்தது.

தபாலட்டைக்கு அவள் முன்கூட்டியே ஏற்பாடு செய்திருந்தாள். அம்மாவிடம் சொல்வது தள்ளிப் போய்க்கொண்டிருந்தபோதே, ஒட்டுகிற தாள்களில் ஒன்பது செய்திகளைத் தமிழில் எழுதி, ஒவ்வொன்றின் பின்தாளிலும் ஊர்ப் பெயரை ஆங்கிலத்தில் குறித்து, ஹிலரி என்ற வகுப்புத் தோழியிடம் கொடுத்தாள். ஹிலரியின் வேலை அந்தந்த ஊரில் ஒரு படம் வாங்கி, அந்தந்தச் செய்தியை ஒட்டி, தபாலில் போடுவது. ஒட்டுவதற்கு முன் பின்தாளை உரிக்க வேண்டும் என்பதையும், உரித்தால் ஊர்ப் பெயர் குப்பைக்கூடைக்குப் போய்விடும் என்பதையும் பெர்னடெற் யோசிக்கவில்லை. ஹிலரி சுறுசுறுப்பான பெண். வேலை மிச்சம் என்று ஒன்பதையும் ஒரே மூச்சில் உரித்து ஒரு பிளாஸ்ரிக் உறையில் ஒட்டி வைத்துக்கொண்டாள். அதற்குப் பிறகு தமிழ் எழுத்து எல்லாம் அவளுக்கு ஒரே மாதிரித்தான்.

இது பெர்னடெற்றுக்குத் தெரிய இன்னும் நான்கு நாள் இருந்தது. இடையில் வெள்ளிக்கிழமை வந்தது.

குருமூர்த்தி ஒரு பாவமும் அறியாத மனிதர். பெர்னடெற்றின் பெற்றோர் யாத்திரை போயிருக்கிறார்கள், பிள்ளை தனியே இருக்கப் பயப்படுகிறாள் என்று கோதை சொன்னதை அப்படியே நம்பி, தினமும் அவளுக்கு இரட்டிப்பாகச் சோறு போட்டார். எல்லாம் மரக்கறிச் சாப்பாடு. மன்னாரில் பிறந்து, தவக்காலத்திலும் மீன் சாப்பிட்டு வளர்ந்த பெர்னடெற், ஒரு கிழமை பூசணிக்காய் சாப்பிட்டதில் கனவில் சூடை மீன் காணத் தொடங்கியிருந்தாள். வெள்ளிக்கிழமைகளில் அவர் மத்தியானம் கடையைப் பூட்டிவிட்டுக் கனகதுர்க்கை அம்மன் கோயிலுக்குப் போவார். பூட்டிய கடைக்குள் ஒரு பிள்ளையை விட்டுப் போவது முறையில்லை என்று அவளையும் வரச் சொன்னார்.

பெர்னடெற் கோதையைச் சாமான் அறைக்குள் இழுத்துப் போனாள். யாராவது தெரிந்தவர்கள் கண்டுவிட்டால் என்ன செய்வது என்று கேட்டாள்.

"மனோர் பார்க் சனம் இஞ்ச ஏன் வரப்போகுது?" என்றாள் கோதை. "அவைக்கு வாசல்லயே முருகன் கோயில் இருக்கு. உங்கட வேதக்காரர் எண்டால் அங்கயும் போக மாட்டினம். நீ ஒருத்திதான் வேதத்தில பிறந்து அம்மனிட்ட வாறாய்."

நெற்றியில் பெரிய பொட்டு வைத்து, தலையைச் சால்வையால் மூடிக்கொண்டு பெர்னடெற் போனாள். உள்ளே சரியான சனம். பெண்கள் முக்காடு போட்டுக்கொண்டு, கையில் விளக்கோடு அம்மனைச் சுற்றிக்கொண்டிருந்தார்கள். அவள் ஒரு தூணுக்குப் பின்னால் பதுங்கி, மனதுக்குள் அருள் நிறைந்த மரியே சொல்லிக்கொண்டு நின்றாள். எந்தக் கோயிலில் நின்றாலும் பயத்துக்குத் தெரிந்த செபம்தான் வரும். பொங்கல் கொடுத்தார்கள். நன்றாக இருந்தது. இரண்டாம் தரமும் வாங்கினாள். அப்போதுதான் முதுகில் யாரோ பார்ப்பது போல் ஒரு குறுகுறுப்பு. திரும்பிப் பார்க்கத் துணிவில்லை. கோதையின் கையைப் பிடித்து இழுத்துக்கொண்டு வாசலுக்கு ஓடி, செருப்புத் தட்டில் சாய்த்து வைத்திருந்த கறுப்புக் குடையைப் பறித்து, மழைக்குள் விழுந்தடித்துக் கடைக்கு வந்து சேர்ந்தாள்.

குடையை மடக்கிய பிறகுதான் கைப்பிடியைப் பார்த்தார்கள். மரத்தில் செதுக்கிய வாத்துத் தலை. சொண்டின் நுனி சிறிது உடைந்திருந்தது.

"இது எங்கட குடை இல்லை," என்றாள் கோதை.

மறுநாள் திருப்பிக் கொடுக்கப் போனாள். இப்படி ஒரு குடையைக் காணவில்லை என்று கேட்டு ஒருவரும் வரவில்லை என்று கோயிலில் சொல்லிவிட்டார்கள். வாத்து மறுபடியும் சாமான் அறைக்கு வந்து, மாதா போத்தலுக்குப் பக்கத்தில் நின்றது.

ஞாயிற்றுக்கிழமை பூசை முடிகிற நேரம் பார்த்து, அக்ஸ்பிரிட்ஜ் றோட்டில் இருந்த தொலைபேசிக் கூண்டுக்குள் நின்று பெர்னடெற் வீட்டுக்கு அழைத்தாள். தூரத்தில் இருந்து கதைப்பது போல் இருக்க வேண்டும் என்று வாயைச் சால்வையால் மூடிக்கொண்டாள்.

இம்மாகுலேற்றின் குரலில் பாசம் இல்லை. நேற்று ஒரு தபாலட்டை வந்ததாம். பாத்திமாவிலிருந்து.

"அதில நீ என்ன எழுதியிருக்கிறாய், தெரியுமோ? 'பாத்திமாவில், படத்தில் தெரியும் இந்த இடத்தில்தான் இன்று காலை முழங்காலில் நின்று உங்களுக்காக மன்றாடினேன். இங்கு வருபவர்கள் எல்லோரும் வெறுங்காலுடன்தான் நடக்கிறார்கள்.' சரி. படத்தைத் திருப்பிப் பாத்தன். கடற்கரை, பிள்ளை. பொம்பிளையள் உடுப்பெண்டு சொல்ல ஒண்டுமில்லாமல் கிடக்கினம். நடுவில மீசை வைச்ச ஒருத்தன் நெஞ்சை நிமித்திக்கொண்டு நிக்கிறான். நீ எந்த இடத்தில முழங்கால்ல நிண்டனீ?"

பெர்னடெற் ஹிலரியை மனதுக்குள் ஏசியபடி, முதலில் வாயில் வந்ததைச் சொன்னாள். அந்தக் கரையில் மீன்பிடிகாரருக்கும் மாதா காட்சி கொடுத்ததாகவும், நோய் நொடி தீரச் சனம் அங்கே வந்து கடலில் தீர்த்தம் ஆடுவதாகவும், உடுப்பைக் குறைப்பது தாழ்ச்சியின் அடையாளம் என்றும் சொன்னாள். மீசைக்காரன்?

"அவர்... அந்தப் பங்குக் கோயிலின்ர மூப்பர், அம்மா."

அந்த நேரம் பார்த்து அக்ஸ்பிரிட்ஜ் றோட்டில் ஐஸ்கிறீம் வான் ஒன்று மணிப் பாட்டோடு வந்து, கூண்டுக்குப் பக்கத்திலேயே நின்றது.

"அதென்ன சத்தம்? எங்கட றோட்டில வாற ஐஸ்கிறீம் வானும் உந்தப் பாட்டுத்தானே பாடுறது."

"அது இஞ்சத்தைய பாட்டு, அம்மா. அங்க உள்ளவை இஞ்சயிருந்துதான் எடுத்தவை."

இம்மாகுலேற் அதை நம்பினாள். மகள் பொய் சொல்வாள் என்று நம்புவதைவிட அது சுலபமாக இருந்தது. பிறகு குரல் இளகி ஊர்ப் புதினம் சொன்னாள். அப்பா பெனடிக்ற்றுக்கு ஷிப்ட் மாறிவிட்டதாம். பிலோமினம்மா முழங்காலுக்குச் செவ்வாயும் வெள்ளியும் எங்கோ தூரத்தில் வைத்தியத்துக்குப் போகத் தொடங்கியிருக்கிறாராம். வெள்ளிக்கிழமை போன இடத்தில் மழையில் நனைந்து, இப்போது தடிமனோடு படுத்திருக்கிறாராம். பாவம், அந்தத் தண்ணீரைத்தான் கேட்டுக்கொண்டிருக்கிறார்.

அடுத்த ஞாயிறு இன்னும் மோசம். கடற்கரைப் படம் செபமாலைக் குழுவில் கைமாறி, கடல் தீர்த்தத்துக்கு அடுத்த வருடம் ஒரு கோச் பிடித்துப் போவது என்று தீர்மானமாகியிருந்தது. இடம் தெரிந்த ஒரே ஆள் என்றபடியால் வழிகாட்டி பெர்னடெற். தீர்மானத்துக்கு அடுத்த நாள் இரண்டாவது தபாலட்டை வந்திருந்தது.

"'படத்தில் இருக்கும் இந்தப் புனிதருக்கு முன்னால் உங்கள் பெயரில் ஒரு மெழுகுதிரி கொளுத்தினேன்' எண்டு எழுதியிருந்தனீ," என்றாள் இம்மாகுலேற். "திருப்பிப் பாத்தா மாடு. கொம்போட ஒரு கறுத்த மாடு. என்ர பிள்ளை வேதத்தை விட்டிட்டுதோ எண்டு நான் அழத் தொடங்கீட்டன்."

"அம்மா, அது..."

"நீ ஒண்டும் சொல்ல வேண்டாம். பிலோமினம்மா விளங்கப்படுத்தினவ. எருது நற்செய்தியாளர் லூக்காசின்ர அடையாளமாமே. எனக்குத்தான் வேத அறிவு காணாது."

தொலைபேசியை வைத்த பிறகும் பெர்னடெற் கூண்டுக்குள்ளேயே நின்றாள். பிலோமினம்மா தன்னைக் காப்பாற்றினார் என்பதை அவளால் நம்ப முடியவில்லை. பங்கில் யாருடைய குற்றத்தையும் அவர் கடந்து போனதாகச் சரித்திரம் இல்லை. தடிமன் கண்ணையும் மறைத்திருக்கும் என்று எண்ணிக்கொண்டாள்.

மூன்று கிழமை முடிந்தது. கடைக் குழாயைத் திறந்து மாதா போத்தலை விளிம்பு வரை நிரப்பினாள். "கொஞ்சம் சிந்தி விடு. அப்பதான் தூரத்தில இருந்து வந்தது மாதிரி இருக்கும்," என்றாள் கோதை. ஹீத்ரோவுக்குப் போய், வெயிலில் கறுத்து வந்திறங்கிய இருபத்திரண்டு பேரோடு கலந்து, அதே கோச்சில் விக்டோரியாவுக்குத் திரும்பினாள். அங்கே மழை. இறங்கியபோது குடையை விரிக்க வேண்டியிருந்தது. கையில் இருந்தது அந்த ஒரு குடைதான்.

அம்மாவும் பிலோமினம்மாவும் நின்றார்கள். கட்டிப்பிடித்து முத்தம் கொடுத்த கையோடு இம்மாகுலேற் கேட்டாள்: "உது ஆர்ர குடை?"

ஒரு பொய்யோடு இன்னொரு பொய் ஒட்டிக்கொண்டு வரும் பழக்கம் அதற்குள் அவளுக்கு வந்திருந்தது. "உங்களுக்குத்தான் அம்மா. புளோரன்சில வாங்கினனான்."

இம்மாகுலேற் பூரித்துப் போய்க் குடையை வாங்கி பிலோமினம்மாவிடம் காட்டினாள். அவர் ஊன்றுகோலைக் கக்கத்தில் இடுக்கிக்கொண்டு, வாத்துத் தலையை இரண்டு கையாலும் பிடித்து, உடைந்த சொண்டை விரலால் தடவிப் பார்த்தார். வெகுநேரம் பார்த்தார்.

"புளோரன்சிலயோ?"

"ஓம் அன்ரி."

"மழை பெய்யிற ஊரோ அது?"

"அண்டைக்கு ஒரு நாள்தான் பெஞ்சது, அன்ரி."

"ஓம்," என்றார் பிலோமினம்மா. "அண்டைக்கு நல்ல மழை பெஞ்சிருக்கும்." குடையைத் திருப்பிக் கொடுத்துவிட்டு, போத்தலை வாங்கிக் கண்ணில் ஒற்றிக்கொண்டார்.

இம்மாகுலேற் மகளின் முகத்தைப் பிடித்து வெளிச்சத்தில் திருப்பினாள். மற்றப் பிள்ளைகள் எல்லாம் சுட்ட அப்பம் மாதிரி வந்திருக்க, இவள் மட்டும் ஏன் கறுக்கவில்லை என்று கேட்டாள். பெர்னடெற் வாயைத் திறப்பதற்குள் பிலோமினம்மா குறுக்கிட்டார்.

"அங்கத்தைய ஒலிவ் எண்ணெய் அப்பிடி, இம்மாகுலேற். எங்கட தோலுக்கு நிறம் குடுக்கும்."

பெர்னடெற் ஆறுதலாக மூச்சு விட்டாள். அவசரப்பட்டுவிட்டாள்.

இரண்டு கிழமை கழித்து, ஞாயிறு பூசையில் நற்கருணை நன்மை வாங்கப் போகும் வரிசையில் பிலோமினம்மா ஊன்றுகோல் இல்லாமல் நடந்து போனார். சாதாரணமாக நடக்கவில்லை, முழங்காலை மடித்து மண்டியிட்டு எழும்பியும் காட்டினார். கோயிலே திரும்பிப் பார்த்தது. பூசை முடிந்து பங்கு மண்டபத்தில் தேநீர் கொடுக்கும்போது, என்ன வைத்தியம் செய்தீர்கள் என்று எல்லோரும் அவரைச் சூழ்ந்துகொண்டார்கள். அவர் ஒரு கணம் தடுமாறினார். பிறகு கையை நீட்டி, மூலையில் பிஸ்கட் தின்றுகொண்டிருந்த பெர்னடெற்றைக் காட்டினார்.

"இந்தப் பிள்ளை கொண்டு வந்த பாத்திமாத் தண்ணி."

பெர்னடெற் கடித்த பிஸ்கட்டைத் தட்டில் திரும்ப வைத்தாள்.

அடுத்த ஞாயிறு மண்டபத்தில் வெற்றுப் போத்தலோடு பதினான்கு பேர் வந்தார்கள். ஒருவருக்கு இடுப்பு நாரி, ஒருவருக்குச் சர்க்கரை, ஒருவருக்கு மருமகள். பெர்னடெற் மீதித் தண்ணீர் முடிந்துவிட்டது என்று சொல்லிப் பார்த்தாள். அப்படியானால் கை வைத்துச் செபி என்றார்கள். அதற்கு அடுத்த ஞாயிறு பங்குக் குருவானவரே வந்துவிட்டார். அவர் அயர்லாந்துக்காரர், நல்ல மனிதர், ஆனால் எதையும் எழுத்தில் வைக்கிறவர். இதை ஆயருக்கு அறிவிக்க வேண்டும் என்றும், எந்த நாளில் எந்த இடத்தில் தண்ணீர் எடுத்தது என்று பெர்னடெற் ஒரு கடிதம் தர வேண்டும் என்றும், கூடவே அவளுடைய பயணப் புத்தகத்தில் போர்த்துக்கல்லுக்குள் நுழைந்த முத்திரை இருக்கும் பக்கத்தைப் பிரதி எடுத்துத் தந்தால் நல்லது என்றும் சொன்னார்.

அந்தப் பயணப் புத்தகம், சொன்ன ஆறு கிழமை கழிந்தும், இன்னும் ஒரு தூதரகத்தின் லாச்சிக்குள் கிடந்தது.

போதாக்குறைக்கு இம்மாகுலேற் எழுந்து, மண்டபத்துக்கே கேட்கும்படி இன்னொரு செய்தி சொன்னாள். விசயம் ரொறன்ரோ வரை போய்விட்டதாம். மாப்பிள்ளையின் தாய்க்குப் பத்து வருடமாக மூச்சு முட்டு வருத்தம். இப்படிப்பட்ட கைராசிக்காரப் பிள்ளை வீட்டுக்கு வந்தால் சுகம் வரும் என்று, தாயும் மகனும் அடுத்த மாதமே பெண் பார்க்க வருகிறார்களாம். படிப்பைப் பற்றிப் பிறகு யோசிக்கலாம், மாதாவே வழி காட்டிவிட்டாள் என்று சொல்லிக் கண்ணைத் துடைத்தாள்.

பெர்னடெற்றுக்கு விளங்கிவிட்டது. போகவில்லை என்று சொன்னால் ரொறன்ரோ. போனேன் என்று சொன்னாலும் ரொறன்ரோ. ஷெபீல்ட் இரண்டு பக்கத்தாலும் போய்விட்டது. இனி ஒளிக்க ஒன்றுமில்லை என்று வந்தபோது அவளுக்கு ஒரு வேண்டாத துணிவு பிறந்தது. கோப்பையை மேசையில் வைத்துவிட்டு எழுந்தாள்.

"எல்லாருக்கும் நான் ஒண்டு சொல்ல வேணும். அந்தத் தண்ணி..."

"இரு பிள்ளை," என்றது பிலோமினம்மாவின் குரல்.

மண்டபம் அடங்கியது. அந்தக் குரலுக்கு எப்போதும் அடங்கும். அவர் கதிரையிலிருந்து, எந்தப் பிடிமானமும் இல்லாமல், எழுந்து நின்றார்.

"முதல்ல பாதர். மாதா செய்த காரியத்துக்கு இமிகிறேசன் முத்திரை கேக்கிறது சரியில்லை. கானாவூர்க் கலியாணத்தில தண்ணி திராட்சை ரசமா மாறேக்க ஆரும் ரசீது கேட்டவையோ?"

யாரோ மொழிபெயர்த்துச் சொன்னார்கள். குருவானவர் முகம் சிவந்து, தன் குறிப்புக் கொப்பியை மூடிச் சட்டைப்பைக்குள் வைத்தார்.

"ரெண்டாவது, இம்மாகுலேற். அந்தத் தண்ணியைச் சுமந்து வந்த கைக்கு மூண்டு வருசத்துக்குக் கலியாணம் ஆகாது. அது ஒரு ஒறுத்தல். தூர இடத்தில தனிய இருந்து படிக்க வேணும். ரொறன்ரோக்காரருக்கு நானே எழுதுறன்."

"அப்பிடி ஒரு முறை இருக்கோ அக்கா? நான் கேள்விப்படேல்லையே."

"கேள்வி கேட்டா என்ர முழங்கால் திரும்பப் பிடிக்கும்."

இம்மாகுலேற் உட்கார்ந்துவிட்டாள். வேத அறிவு தனக்குக் காணாது என்பது அவளுக்கு ஏற்கெனவே தெரியும். ஷெபீல்டில் தமிழ்க் கடை இருக்குமோ என்று பக்கத்தில் இருந்தவளிடம் மெல்லக் கேட்டாள்.

பிலோமினம்மா கோட்டை மாட்டிக்கொண்டு வாசலுக்கு நடந்தார். பெர்னடெற் பின்னால் ஓடினாள். வெளியே மழை தொடங்கியிருந்தது. வாசலில் நனைந்த குடைகள் சாய்த்து வைக்கப்பட்டிருந்தன. அவற்றில் இம்மாகுலேற்றின் புளோரன்ஸ் குடையும் ஒன்று.

"அன்ரி," என்றாள் பெர்னடெற். "அது பாத்திமாத் தண்ணி இல்லை."

"குழாய்த் தண்ணி. ஒரு முடறு குடிச்ச உடன தெரியும். இதே லண்டன் சுண்ணாம்பு."

"அப்ப ஏன் அன்ரி எனக்காக இவ்வளவு பொய் சொன்னனீங்கள்? மாட்டுக்கும் சொன்னனீங்கள், நிறத்துக்கும் சொன்னனீங்கள்..."

பிலோமினம்மா பதில் சொல்லாமல் குடைகளுக்குள் குனிந்தார். வாத்துத் தலைக் குடையை உருவி எடுத்து, சொந்தப் பிள்ளையின் தலையைத் தடவுவது போல் ஒரு முறை தடவி, உடைந்த சொண்டு தன் பக்கம் இருக்கும்படி பிடித்து விரித்தார். மண்டபக் கதவு சாத்தியிருக்கிறதா என்று ஒரு தரம் திரும்பிப் பார்த்துவிட்டு, அவள் காதருகில் குனிந்து சொன்னார்:

"அண்டைக்கு ஈலிங் அம்மன் கோயில்ல நீ என்ர குடையைத் தூக்கிக்கொண்டு ஓடேக்க கூப்பிட்டிருப்பன் பிள்ளை, விளக்கோட மூண்டாஞ் சுத்தில நிண்டபடியாத்தான் வாய் திறக்கேல்லை."